தலைவரின் உள்பக்கம்

தலைவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு கூட்டம் கம்போடு வரும், பட்டவளுக்குத் தெரியும். நாட்டுக்காக ஜெயிலுக்குப் போன பெரிய மனிதர், வேட்டியும் ஜிப்பாவும் போடுவார், தோளில் சால்வை உண்டு. அவ்வளவு தெரிந்தால் போதும். ஊர் ஊராகச் சிலையாக நிற்கிறார். எல்லாச் சிலையிலும் வலது கையைத் தூக்கி எதையோ காட்டுகிறார். எதை என்று கேட்டால் ஒருத்தருக்கும் பதில் தெரியாது. எப்போதோ ஒரு பொதுக்கூட்டத்தில் யாரோ எடுத்த போட்டோ அது. மைக் இரைகிறது, கொஞ்சம் குறை என்று மைக்செட்காரனுக்குச் சைகை காட்டியிருப்பார் என்பது என் கணிப்பு. அதையே எதிர்காலத்தைக் காட்டுகிறார் என்று சொல்லிச் சொல்லி, மனிதரைக் கையைக் கீழே போட விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

நான் லிஜா. சென்னையில் சிற்பம் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தேங்காய்ப்பட்டணத்தில் ததேயுஸின் வள்ளக் கொட்டகையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். ததேயுஸ் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குப் பைபர் வள்ளம் செய்கிறவன். நான் களிமண்ணில் உருவம் செய்து அச்சு எடுத்துக் கொடுப்பேன். அவன் அச்சுக்குள் கண்ணாடி நார்ப் பாயை விரித்து ரெசின் பசையைப் பூசி, வள்ளத்தை வார்ப்பது போலவே தலைவரையும் வார்த்து எடுப்பான். முன்பாதி தனி, பின்பாதி தனி. இரண்டையும் சேர்த்து நிறுத்தி உள்பக்கமாக ஒட்ட வேண்டும். அதற்கு ஆள் உள்ளே போக வேண்டும். ததேயுஸுக்கு வயிறு இடிக்கும். அதனால் எந்தத் தலைவராக இருந்தாலும் உள்ளே போகிறவள் நான்தான்.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. எனக்கென்று நான் செய்தது வேறு. அந்தத் தலைவர் ஜெயிலில் கால் வீங்கிக் கிடந்தார் என்று அங்கே வார்டராக இருந்த ஒருவரின் மகன் சொல்லக் கேட்டேன். சாயங்காலமானால் ஒரு வாளி வெந்நீர் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வாளிக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாராம். அதைச் செய்தேன். கை இரண்டும் மடியில், வேட்டி முழங்காலுக்கு மேலே, வாய் பாதி திறந்து. 2013இல் கொச்சியில் ஒரு கண்காட்சியில் அதை வைத்தார்கள். வயதான ஒரு அம்மா ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றுவிட்டு, வாளித் தண்ணீரைக் காட்டி, பாவம், வெள்ளம் ஆறிப்போயிருக்கும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே சிலையைக் கொட்டகையில் பார்த்துவிட்டுத்தான் சிலுவைதாசன் அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார். இரணியலுக்குத் தெற்கே ஈத்தவிளை ஜங்ஷனில் ரப்பர் ஷீட் கடை வைத்திருப்பவர், அங்கே சிலைக் கமிட்டிக்குச் செயலாளர். தலைவரை இப்படியா காட்டுவது, வாளிக்குள் காலை விட்டவரைப் பார்த்து எவன் மாலை போடுவான் என்று கேட்டார். அவருக்குக் கம்பீரம் வேண்டும். கை உயர வேண்டும், நெஞ்சு புடைக்க வேண்டும், பதினைந்தடி வேண்டும். சரி என்று செய்து கொடுத்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

ஈத்தவிளைக்காரர்களுக்குப் பதினைந்தடி எதற்கு என்றால் அதற்கொரு கதை. அங்கே முன்பு சிமெண்டில் ஒரு தலைவர் நின்றார். அவர் எங்களுக்குத்தான் சொந்தம் என்று ஊரில் இரண்டு கூட்டம். இந்தச் சிலைக்கு முந்தின வருடம் ஒருநாள் விடிந்து பார்த்தால் சிலைக்கு மூக்கு இல்லை. எவன் உடைத்தான் என்று இன்றுவரை தெரியாது, தேங்காய் விழுந்துகூட உடைந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இரண்டு பஸ் எரிந்தது. முத்துநாயகத்தின் டீக்கடை எரிந்தது. தீயை அணைக்கப் போன மனிதருக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. இப்போதும் ஒரு கையால்தான் டீ ஆற்றுகிறார். அதனால்தான் கல்லெறிந்தாலும் உடையாத பைபரில், கை எட்டாத உயரத்தில் ஒரு தலைவர் வேண்டும் என்று சிலுவைதாசன் கமிட்டி என்னிடம் வந்தது.

2014 மார்ச்சில் ஒரு காலை. கிரேனில் தூக்கி ஆளுயரப் பீடத்தில் தலைவரை நிறுத்தியாயிற்று. சால்வைத் தொங்கலுக்குக் கீழே, பின்பக்கத்தில், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு விட்டிருந்தோம். அதன் வழியாக உள்ளே போய் அடியில் போல்ட்டுகளை முறுக்க வேண்டும். பிறகு உள்ளேயுள்ள இரும்புச் சட்டத்தில் மிதித்து ஏறி, கழுத்து மூட்டுக்கு இன்னொரு பாய் ஒட்ட வேண்டும். பிறகு திறப்பைப் பலகை வைத்து ஸ்குரூ போட்டு மூடி, இடுக்குத் தெரியாமல் மக்கு பூசி, பெயிண்ட் அடித்தால் முடிந்தது. மக்கு போதாது என்று ததேயுஸ் பைக்கை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டான். போனையும் பையையும் முத்துநாயகத்தின் கடையில் வைத்துவிட்டு, ஒரு ஸ்பேனர், ஒரு ஆக்சா பிளேடு, பிரஷ், ஒரு துண்டுப் பாய், ஒரு டப்பா நிறையக் கலக்கிய ரெசினோடு நான் உள்ளே ஏறினேன்.

தலைவரை வெளியிலிருந்து எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் மூக்கு ஒரு குழி. உதடு ஒரு குழி. அந்தப் பெயர்பெற்ற சிரிப்பு உள்பக்கத்தில் சிரிப்பாகவே இல்லை. பெயிண்ட் மெலிந்த இடங்களில் வெயில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. நான் இடுப்புவரை ஏறி, போல்ட் எல்லாம் முடித்து, கழுத்துக்குப் பிரஷ்ஷை எடுத்த நேரத்தில் கீழே தடதடவென்று ஓட்டம். தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள் என்று டீக்கடை டிவி சொல்லியிருக்கிறது.

அறிவித்துவிட்டால் புதுச் சிலை திறக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கிற தலைவர்களையும் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள், ஓட்டுப் போட்டு முடியும்வரை எந்தத் தலைவரும் எந்த ஓட்டரையும் பார்க்கக் கூடாதாம். முடியாத சிலை என்றால் இறக்கியே வைத்துவிடுவார்கள். எதிர்க்கூட்டம் ஜங்ஷனின் மறுபக்கத்தில் இதற்காகவே காத்துக்கொண்டு நின்றது.

திறப்பில் சிலுவைதாசனின் முகம் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது.

"மக்கா, இத்திரி நேரம், ஒரு பத்து நிமிசம் சத்தம் காட்டாம இரி. தாசில்தாருக்க ஜீப்பு பாலம் தாண்டியாச்சி. இந்த ஓட்டையைக் கண்டா வேலை முடியல்லன்னு எறக்கிப் போடுவாவ."

"அண்ணாச்சி, உள்ள ரெசின் கலக்கி வச்சிருக்கேன்."

"ரெசினும் சத்தம் காட்டாண்டாம்."

சொல்லி முடிக்கும் முன்னால் பலகை வந்து மூடியது. ஸ்குரூ இறங்கும் சத்தம் கேட்டது. நான் அப்போது பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. சிரித்தேன். பத்து நிமிஷம், ஜீப் போய்விடும், ததேயுஸிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

முன்பே திறந்தாயிற்று என்று காட்ட வெளியே மாலை போட்டார்கள். வெடி போட்டார்கள். தலைவர் வாழ்க என்று கத்தினார்கள். பாட்டுப் பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்தார்கள், தலைவரின் நெஞ்சு முழுக்க அந்தப் பாட்டு அதிர்ந்தது. பிறகு ஜீப் வந்து நின்றது. யாரோ அதிகாரமாகப் பேச, சிலுவைதாசன் குழைய, திறந்தாச்சி சார், திறந்து மாலையும் போட்டாச்சி சார் என்று கேட்டது. திறந்தது சரி, இப்போது மூட வேண்டும் என்றது அந்தக் குரல். தார்ப்பாய் சரசரவென்று ஏறியது. கசிந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சம் தலையிலிருந்து கால்வரை அணைந்தது. கயிறு சுற்றி இறுக்கினார்கள். எதிர்க்கூட்டம் கத்த ஆரம்பித்ததால் நாலு போலீஸைச் சிலையடியில் நிறுத்திவிட்டார்கள், தாசில்தாரும் போகவில்லை. அப்போதுதான் எனக்கு ரெசின் ஞாபகம் வந்தது.

ரெசினைக் கலக்கினால் அது சும்மா இருக்காது. பாயில் தேய்த்துவிட்டால் சாது. டப்பாவிலேயே விட்டுவைத்தால் தன்னாலே சூடேறி, கொதித்து, புகையும். ஒருதடவை கொட்டகையில் மறந்து வைத்த வாளி புகைந்து, ததேயுஸ் அதைத் தூக்கி மணலில் எறிந்திருக்கிறான். இங்கே எங்கே எறிய? டப்பாவைத் தொட்டேன், சுட்டது. பிரஷ்ஷின் வேகம் போதாது என்று கையாலேயே அள்ளித் தலைவரின் உள்பக்கமெல்லாம் பூசினேன். நெஞ்சில், முதுகில், எட்டின இடத்திலெல்லாம். மெலிதாகப் பூசினால் தீப்பிடிக்காது, அது சரி. ஆனால் அந்த நெடி? அது முழுக்க எனக்குத்தான்.

மூக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நார்த்தூசி கழுத்துக்குள் இறங்கி அரித்தது, சொறிய முழங்கையை மடக்க இடமில்லை. உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை, இடுப்பு ஒரு சட்டத்தில், முழங்கால் இன்னொரு சட்டத்தில். நான் கத்தினேன். பாட்டுப் பெட்டி என்னைவிடச் சத்தமாகக் கத்தியது. எனக்குப் பயம் வந்தது. சும்மா பயம் இல்லை, ஈரக்குலை நடுங்குகிற பயம். இதற்குள்ளேயே செத்துவிடுவேன், தேர்தல் முடிந்து தார்ப்பாயை அவிழ்க்கும்போதுதான் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றியது. அம்மையை நினைத்தேன். இயேசுவே என்று எத்தனை தடவை சொன்னேனோ.

பாட்டை நிறுத்தச் சொல்லி தாசில்தார் உத்தரவு போட்டார். நின்றது. அந்த அமைதியில் ஸ்பேனரை எடுத்துச் சட்டத்தில் ஓங்கி அடித்தேன். தலைவருக்குள்ளே என்ன சத்தம் என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். சிலுவைதாசன் யோசிக்கவே இல்லை, வெயிலுக்குப் பைபர் விரிகிறது சார், இரண்டு நாள் அப்படித்தான் சத்தம் கேட்கும் என்று சொல்லிவிட்டார். ரப்பர் விற்கிறவரின் பேச்சை எல்லோரும் நம்பினார்கள். கயிறு தளர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் ஏணியில் ஏறி, தார்ப்பாயோடு சேர்த்துப் பலகையில் வாயை வைத்தார்.

"எனக்க பொன்னு மக்கா, சத்தம் காட்டாத. ராத்திரி ஆவட்டு. போலீஸ் மாறும்ப நான் கழத்தி விடுதேன்."

"ராத்திரி வரைக்கும் இருக்க மாட்டேன் அண்ணாச்சி. மூச்சு முட்டுது. இப்பம் தொறங்க."

"இப்பம் தொறந்தா என்ன ஆவும்? தலைவருக்க வயித்துக்குள்ள ஒரு பெண்ணை வச்சு மூடினோம்னு சொல்லுவாவ. அவனுவ கம்போட நிக்கியானுவ. ஒரு மூக்குக்கு எரிஞ்சது மறந்து போச்சா?"

"அப்பம் நான் சாவட்டா?"

ஏணி முனகியது, செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று.

அவர் போன பிறகும் நான் உடனே உடைக்கவில்லை, சத்தியமாக. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் முதலில் எரிவது எதிரே இருக்கிற டீக்கடைதான். முத்துநாயகத்துக்கு இன்னும் ஒரு கைதான் மிச்சம். அதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனது. தலைவரின் முகக்குழி இருட்டில் சுழல ஆரம்பித்தது. வாந்தி எடுத்தேன், அது என் மேலேயே வழிந்தது. இனி மயங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் யாருடைய கடையையும் நினைக்கவில்லை.

எந்த இடம் மெலிசு என்று எனக்குத் தெரியும். நெஞ்சு வார்த்த அன்றைக்குப் பாய் தீர்ந்துபோய், ததேயுஸ் ஒரு அடுக்கைக் குறைத்திருந்தான். புடைத்த நெஞ்சு, கம்பீரமான நெஞ்சு, அதுதான் இருக்கிறதிலேயே மெலிசு. ஸ்பேனரால் அங்கே குத்தினேன். திரும்பத் திரும்பக் குத்தினேன். ஒரு விரிசல் விட்டது. ஆக்சா பிளேடை அதில் நுழைத்து அறுத்தேன், உள்ளங்கை கிழிந்தது, நிறுத்தவில்லை. பொத்தான் வரிசையை ஒட்டிக் கீழே வந்தேன், திரும்பினேன், மேலே போனேன். காலால் உதைத்தேன். தலைவரின் நெஞ்சு கதவு போல வெளியே மடங்கியது. அதற்கப்பால் தார்ப்பாய். அதையும் கிழித்தேன். வெளிச்சமும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடித்தன. காற்று இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

முதலில் என் கைதான் வெளியே போயிருக்கிறது. தலைவரின் நெஞ்சுக்குள்ளிருந்து, வெள்ளைத் தூசியும் ரத்தமுமாக ஒரு பெண்ணின் கை. இரண்டு கூட்டமும் பார்த்தது. ஒரு பாட்டி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாராம், ஒருவர் கும்பிட்டாராம். ஒரு போலீஸ்காரர் பீடத்தில் ஏறி, கீழே தொங்கின என் கையைப் பிடித்து இழுத்தார். நான் தலைகுப்புற அவர் மேலே விழுந்தேன்.

முதலில் கேட்ட குரல் சிலுவைதாசனுடையது.

"பாத்தியளா, தலைவரை உடைச்சுப் போட்டாளே!"

அவ்வளவுதான். இரண்டு கூட்டமும் முன்னே நகர்ந்தது. யாரிந்தப் பெண், யார் அனுப்பிய ஆள் என்று இந்தப் பக்கமும் கேட்டார்கள், அந்தப் பக்கமும் கேட்டார்கள். இத்தனை காலத்தில் அவர்கள் ஒன்றாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தாசில்தார் குறுக்கே வந்து நின்றார். சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. உன்னை உள்ளே வைத்து மூடியது யார், பயப்படாமல் சொல் என்றார்.

சிலுவைதாசன் எதிரே நின்றார். உதடு வெளுத்துப்போயிருந்தது. பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் செயலாளர் பெயரைச் சொன்னால் எதிர்க்கூட்டத்துக்கு அது போதும், அவர்கள் கையில் கம்பும் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் முத்துநாயகம் ஒரு கையால் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டி அடைத்துக்கொண்டிருந்தார். என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒருத்தரும் மூடல்ல சார். நானாத்தான் போனேன். நானாத்தான் உடைச்சேன்."

அதைக் கேட்டதும் சிலுவைதாசனுக்கு உயிர் வந்தது. கூட்டத்திலும் ஒரு தளர்ச்சி. ஒற்றை ஆளை, அதுவும் வாந்தியும் ரத்தமுமாக நிற்கிற ஒரு பெண்ணை, எந்தக் கூட்டமும் கம்போடு எதிர்க்க முடியாதல்லவா. தாசில்தார் சிலையை அண்ணாந்து பார்த்து யோசித்தார். இப்போதே அந்த நெஞ்சைச் சரிசெய்துவிட்டால், தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போய்விடலாம், வழக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். நியாயமான பேச்சுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ததேயுஸ் மக்கு டின்னோடு வந்து இறங்கினான், என்னைப் பார்த்துவிட்டு டின்னைக் கீழே போட்டுவிட்டான்.

சிலுவைதாசன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை. நீ தெய்வம் மக்கா, ஊரைக் காப்பாற்றிவிட்டாய் என்றார். பிறகு கேட்டார்.

"நெஞ்சை உள்ள இருந்துதானே ஒட்டணும்? நீ இத்திரி நேரம் ஏறிக் குடுத்தா போதும்."

ததேயுஸ் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரியும், உள்ளேயிருந்துதான் ஒட்ட வேண்டும். அவன் வயிறு உள்ளே போகாது. தாசில்தார் என்னைப் பார்த்தார். இரண்டு கூட்டமும் பார்த்தது. யாரோ ஓடிப்போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கத்தில் சாய்த்தார்கள். இன்னொருவர் தார்ப்பாயை விலக்கி ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்தார், நான் உள்ளே கதறும்போது கழலாத அதே ஸ்குரூவை. பலகை திறந்தது. உள்ளே இருட்டும் நெடியும் அப்படியே இருந்தன.

நான் சிலையைப் பார்த்தேன். தார்ப்பாய் கிழிந்து தொங்க, நெஞ்சு திறந்து, உள்ளே சட்டமும், நான் கையால் பூசின ரெசின் தடங்களும் தெரிந்தன. பதினைந்தடி கம்பீரத்துக்கு நடுவே ஒரு வெறும் கூடு. வாளியில் கால் வைத்தவரைச் செய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. இது அதைவிட நல்ல சிலை. செய்தவள் நான், எனக்குத் தெரியும்.

"ஏற மாட்டேன் சார்," என்றேன். "கேஸ் போடுங்க."

சிலுவைதாசன் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். ஒரு போலீஸ்காரி என்னை ஜீப்பின் பின்பக்கத்தில் ஏற்றினார். ததேயுஸ் கூடவே பைக்கில் வருகிறேன் என்று கத்தினான். அவர்கள் தார்ப்பாயின் கிழிசலைச் சணல் போட்டுத் தைக்க ஆரம்பித்திருந்தார்கள். போலீஸ்காரி ஜீப்பின் கதவைச் சாத்த வந்தார். நான் காலை நீட்டிக் குறுக்கே வைத்தேன்.

"கதவைச் சாத்தாதீங்க அக்கா. நான் எங்கயும் ஓட மாட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, கதவை ஒரு கையால் திறந்தே பிடித்துக்கொண்டார். ஜீப் அப்படியேதான் ஸ்டேஷன்வரை போயிற்று.